இரண்டு பாட்டில் தண்ணீர்

எனக்கு வாய் அதிகம். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவளுக்கு வாய் இல்லாமல் முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் தலைமையாசிரியர் என்னைத் தோரணம் ஒட்டச் சொல்வார். படம் வரைகிறவள் என்றால் அத்தனை பேருக்கும் இளக்காரம். வாயால்தான் நான் பிழைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு வாட்டர் கலர் வகுப்பு ஆரம்பித்தேன். இதுவரை பிரஷ்ஷே பிடிக்காதவர்களும் வரலாம் என்று போர்டு எழுதி மாட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் அந்த வாய் என்னை விட்டுப் போகவில்லை. மாடிக்கும் கூடவே ஏறி வந்துவிட்டது.

முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். வகுப்பு தொடங்குமுன் நான் சொன்ன முதல் வார்த்தை தண்ணீரைப் பற்றித்தான். "படம் வரையத் தண்ணி நான் தர மாட்டேன். அவங்கவங்க வீட்டுலயிருந்து கொண்டு வந்திரணும்." எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவைதான் வரும். அதைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றி, மாடிக்குக் குடம் தூக்கி, ஏழு பேர் பிரஷ் கழுவ நான் எங்கே போவது? அது கஞ்சத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணுவதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். மறு வாரத்திலிருந்து ஆளுக்கொரு பாட்டிலோடு வந்தார்கள்.

நிலக்காட்சி வரையத்தான் எல்லாருக்கும் ஆசை. அந்த மறு வாரம், கிராமத்தை வரையுங்கள் என்றேன். ஆறு பேர் ஒரே படத்தை வரைந்து நீட்டினார்கள். முக்கோணமாக ரெண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலைக்கு நடுவிலிருந்து வளைந்து வரும் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், பறக்கிற நாலு காக்காய். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த ஊருலய்யா இருக்கு இந்த ரெண்டு மலை? அருப்புக்கோட்டையில பொறந்து, அருப்புக்கோட்டையிலயே கல்யாணம் முடிச்சு, அருப்புக்கோட்டையிலயே கடை வச்சிருக்கீங்க. ஆத்தை எங்க போயிப் பாத்தீங்க?" என்றேன். பாத்திரக் கடை வைத்திருக்கிறவரின் மனைவி சிரித்துவிட்டார். அவருடைய படத்தில் ஆற்றில் படகு வேறு மிதந்தது.

ஏழாவது படம் வேறு மாதிரி இருந்தது. தாளின் குறுக்கே, பாதிக்கும் கீழே, ஒரே ஒரு கோடு. அதுதான் தரை. மலை இல்லை, ஆறு இல்லை. கோட்டுக்கு மேலே வெளிறிப் போன ஆகாயம், தாளில் முக்கால்வாசி. கோட்டின் ஒரு ஓரத்தில் கருவேல மரங்களின் மங்கலான பச்சை. இன்னொரு ஓரத்தில் ஒற்றைப் பனை. கீழே உழுது போட்ட கரிசல். இங்கே வரைய உட்கார்ந்த முதல் நாளே ஒருத்திக்கு இந்தச் சீமை எப்படி இருக்கிறது என்று தெரிந்திருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மலையும் ஆறும் வரைந்து காட்டியவள் நான். எனக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை இங்கே எழுதி வைத்துவிடுவதுதான் நல்லது. பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது.

அவள் பரளச்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். வயது முப்பது இருக்கும். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர்கள் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். இவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே டிராயிங்கில் ஹையர் கிரேடு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். வகுப்பில் ஆட்களை நான் ஊரையும் கடையையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவளைப் பரளச்சிக்காரி என்று கூப்பிட்டேன். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த முதல் படத்தையே உற்றுப் பார்த்தபோதுதான் குறை கண்ணில் பட்டது. கரிசலுக்கு அடித்திருந்த கறுப்பு காய்ந்த இடத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சில இடத்தில் பொடி தூவின மாதிரி. ஆகாயத்திலும் ஓரங்களில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. குறை அகப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன்.

"இந்தா பாருங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாட்டர் கலருக்கு முதல் தகுதி கை சுத்தம். பிரஷ்ஷை ஒழுங்காக் கழுவாமப் போட்டா இப்பிடித்தான் தேமல் விழுந்த மாதிரி இருக்கும்."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "கழுவித்தான் டீச்சர் போட்டேன்" என்றாள்.

"கழுவியிருந்தா ஏன் விழுது?"

அவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "கழுத்தைச் சாய்ச்சுப் பாத்தா புள்ளி மறைஞ்சிருமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் புள்ளி. நான் சொல்லிக்கொடுத்தது எல்லாமே அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆகாயத்தை முதலில் போடு, தாள் ஈரமாக இருக்கும்போதே போடு. தூரத்தில் இருப்பது வெளுப்பு, பக்கத்தில் வர வர அழுத்தம். கரிசலுக்குக் கறுப்பு டியூப்பைப் பிதுக்காதே, நீலமும் காப்பிக் கலரும் குழைத்துப் போடு, மண்ணில் உயிர் இருக்கும். இதையெல்லாம் மற்றவர்களுக்கு நான் நாலு வாரம் கத்தினேன். அவள் ஒரு தடவை கேட்டாள், போட்டாள். போட்ட படம் ஈரமாக இருக்கும்போது அத்தனை அழகாக இருக்கும். காய்ந்தால் புள்ளி பூத்துவிடும். நான் ஒவ்வொரு வாரமும் அது காய்வதற்காகக் காத்திருந்தேன். "ம், வந்திருச்சா?" என்று கேட்பேன். வகுப்பே திரும்பிப் பார்க்கும். நாலாவது வாரம் அவளுடைய பிரஷ்ஷை வாங்கி எறிந்துவிட்டு என்னுடைய பழைய பிரஷ் ஒன்றைக் கொடுத்தேன். அதிலும் புள்ளி. கையில் எண்ணெய் இருக்கிறதா என்று சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னேன். அதற்கும் புள்ளி விழுந்தது. பாத்திரக் கடைக்காரர் மனைவி தன் தாளை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கை சுத்தமில்லை என்ற வார்த்தையை எங்கள் தெருக்காரி ஒருத்தி, கூலிக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அது பிரஷ்ஷோடு நிற்குமா? அது தெரியாத வயசா எனக்கு?

இன்னொன்றும் பார்த்தேன். மற்றவர்கள் ஒரு பாட்டில் கொண்டு வந்தால் அவள் ரெண்டு கொண்டு வருவாள். ஒன்றின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதிலிருந்து அண்ணாந்து ரெண்டு மடக்குக் குடிப்பாள். கயிறு கட்டாததைத்தான் டப்பாவில் ஊற்றி வரைவாள். வாரா வாரம் கண் முன்னால் நடந்தது இது. ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு அவள் மட்டும் நின்றாள். விருதுநகர் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கு டிராயிங் டீச்சர் தேவைப்பட்டது. என் வகுப்பிலிருந்து ஒருவரைப் பார்த்து அனுப்பும்படி அந்தப் பள்ளியின் தாளாளர் எனக்கு போன் பண்ணியிருந்தார். "நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்கதான். ஒரு லெட்டர் மட்டும் கொடுத்து விடுங்க" என்றிருந்தார். இதை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"டீச்சர், அந்த வேலைக்கு என்னை எழுதிக் குடுப்பீகளா?" என்று கேட்டாள்.

"உன் படம் இருக்கிற லட்சணத்துக்கா?"

அவள் கழுத்தைச் சாய்த்தாள். "இந்தக் காது கேக்காது டீச்சர். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு யாரோ அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். கல்யாணம் முடித்துக் கொடுத்தது மல்லாங்கிணறுப் பக்கம். மாப்பிள்ளை லாரியில் லோடு ஓட்டுகிறவன். அவன் அறைந்ததில் காது போயிற்று. அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல் அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு மாசமாகிறது. "அண்ணன் நல்லவுகதான் டீச்சர். ஆனா அவுகளுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. வைகாசி வரைக்கும் பாப்பேன்னு சொல்லிட்டாக. அதுக்குள்ள மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை கெடைச்சா இங்கனயே இருந்துக்க, இல்லேன்னா கொண்டுபோயி விட்டுருவேன், நாலு பேரு கேக்குறாகன்னு சொல்றாக. கொண்டுபோயி விட்டா அந்தாளு என்னைய என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். அன்றைக்கு அழாமல் நின்றதும் எரிச்சலாகத்தான் இருந்தது. என்னவோ நான் கடன்பட்டவள் மாதிரி என் மாடியில் வந்து நிற்கிறாள் என்று தோன்றியது. "புள்ளி விழாம ஒரே ஒரு படம் போட்டுக் காட்டு. எழுதித் தாரேன்" என்றேன்.

"கண்டிப்பாப் போட்டுக் காட்டுறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ரெண்டு பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் வீட்டிலிருந்து ஒன்பது படம் வரைந்து கொண்டு வந்தாள். ஒன்பதிலும் புள்ளி. அடுத்த வாரம் ஏழு. எந்தத் தப்பைத் திருத்துவது என்று தெரியாமலே ராப்பகலாகத் திருத்தியிருக்கிறாள். தாளை நாலு தடவை நனைத்துத் துடைத்து, அது நைந்துபோய், புள்ளி இன்னும் அதிகமாகியிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

சித்திரையில் தாளாளர் மறுபடியும் போன் பண்ணினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து லெட்டர் எழுதினேன். பாத்திரக் கடைக்காரர் மனைவி பெயரைப் போட்டேன். அவரும் காலேஜ் நாளில் அதே பரீட்சை எழுதியவர்தான். படம் சுமார். ஆனால் பளிச்சென்று இருக்கும், புள்ளி கிடையாது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, பொழுது போக வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். லெட்டரை மடித்துக் கைப்பையில் வைத்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வகுப்பில் எல்லாருமாக வேன் பேசி, திருச்சுழி ரோட்டில் ஒரு கண்மாய்க் கரைக்கு, நேரில் பார்த்து வரையப் போவதாக ஏற்பாடு.

காலை ஆறரைக்கே போய் இறங்கிவிட்டோம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்ளேயே கருவேலம் முளைத்துக் காடாகியிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் பருத்தி எடுத்து முடித்த கரிசல் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கிடந்தது. பாத்திரக் கடைக்காரர் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எதை டீச்சர் வரையுறது?" என்று கேட்டார். பரளச்சிக்காரி அதற்குள் ஒரு மடையின் மேல் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்திருந்தாள்.

எல்லாரும் ஆளுக்கொரு நிழல் தேடிப் போனார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் தாளை விரித்தேன். எப்படி வரைகிறாள் என்று பார்க்கிற ஆசை. வேறென்ன. தாளை நனைத்துவிட்டு எழுந்தபோது என் சேலை தட்டி என் பாட்டில் உருண்டது. மூடி போடவில்லை. எடுப்பதற்குள் மண் மொத்தத் தண்ணீரையும் குடித்துவிட்டது. குனிந்து, அவளுக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து என் டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றினேன். கேட்கவில்லை. டீச்சர் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "டீச்சர், அது குடிக்கிற தண்ணி."

"குடிக்கிற தண்ணியா இருந்தா என்ன? வரையக் கூடாதா?"

"அதுல போயி பிரஷ்ஷைக் கழுவுவாகளா டீச்சர்?" அவள் குரலில் நிஜமாகவே அதிர்ச்சி இருந்தது. கயிறு கட்டாத பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இதை ஊத்திக்கிருங்க. வரையுறதுக்குன்னுதான் தனியாக் கொண்டாந்தேன்."

"இது என்ன தண்ணி?"

"எங்கூரு போர்த் தண்ணி டீச்சர். உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வண்டியிலதான் வரும், வரிசையில நின்னு பிடிக்கணும். அது வாய்க்கு மட்டுந்தான். சோறாக்க, குடிக்க. மத்தபடி கழுவக் கொள்ள, துணி தொவைக்க, படம் வரைய எல்லாம் இதான்."

பாட்டிலை வாங்கி ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். கரித்தது. என் வீட்டில் துணி துவைக்கிற வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு போர்த் தண்ணீரும் உப்புத்தான். தேய்த்தாலும் போகாது அந்த வெள்ளை. எத்தனை வருஷம் தேய்த்திருக்கிறேன்.

என் தாளின் ஓரத்தில் ரெண்டு பட்டை இழுத்தேன். கரிசலுக்குக் குழைத்த அதே கலர். ஒன்று நல்ல தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில். சித்திரை வெயிலில் காய எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. முதல் பட்டை மழை பெய்த கரிசல் நிறத்தில் அப்படியே நின்றது. ரெண்டாவதில் முதலில் ஓரம் வெளுத்தது. பிறகு நடுவில் ஒன்று, ரெண்டு, பத்து என்று புள்ளி பூத்தது. தேமல் என்று நான் பேர் வைத்த அதே புள்ளி. பத்து வாரமாக அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை.

"என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் கைதான் தப்பு என்று அவள் முழுசாக நம்பியிருந்தாள். நான்தானே சொன்னேன். இந்த ஊரில் நல்ல தண்ணீரை ஊற்றிப் படம் வரையலாம் என்பது அவள் புத்தியில் ஏறவே ஏறாது. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. உன் கை நல்ல கை, தண்ணிதான் உப்பு. அவ்வளவுதான். கைப்பை என் மடியில் இருந்தது. லெட்டர் அதற்குள் இருந்தது, கிழித்துப் போட்டால் வேலை முடிந்தது.

"ஒண்ணுமில்ல. வெயிலு" என்று சொல்லி, தாளின் ஓரத்தை மடித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பத்து வாரம் ஆறு பேர் முன்னால் அவளை நான் கிழித்திருக்கிறேன். இப்போது அதே ஆறு பேர் முன்னால் நின்று, தப்பு என்னுது, தண்ணியைக்கூடப் பார்க்கத் தெரியாத டீச்சர் நான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஊரையே பேசுகிற இந்த வாய் அன்றைக்கு என்று பார்த்து மூடிக்கொண்டது.

அவளுடைய நல்ல தண்ணீரில் நான் என் படத்தை வரைந்து முடித்தேன். ஆகாயம் துளி மாசு இல்லாமல் வந்தது. அழுக்குத் தண்ணீரைத் தரையில் கொட்டினேன். அது மண்ணில் இறங்குகிற வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் மிச்சம் இருந்தது ரெண்டு மடக்கு. பதினோரு மணி வரைக்கும் அதை வைத்துக்கொண்டே சமாளித்தாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

கிளம்புமுன் எல்லாப் படத்தையும் கரையில் வரிசையாக வைத்தோம். அவளுடைய படத்தின் முன்னால் எல்லாருமே கொஞ்ச நேரம் நின்றார்கள். கண்மாயை அவள் வரையவில்லை. தண்ணீர் இருந்த காலத்தில் கரையில் அது விட்டுப்போன கோடுகளை வரைந்திருந்தாள், ஒன்றின் கீழ் ஒன்றாக. அதைப் பார்த்தால் கண்மாய் எப்படிக் குறைந்து குறைந்து வற்றியது என்று தெரிந்தது. நான் முப்பது வருஷத்தில் அப்படி ஒன்றும் வரைந்ததில்லை. முன்பக்கத்துக் கரிசலில் புள்ளி பூத்திருந்தது. பாத்திரக் கடைக்காரர் மனைவியே மனசு கேட்காமல், "டீச்சர், இது நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய வியாதி போகலையே. கை சுத்தம் வேணும்" என்றேன். ஆமாம், தெரிந்த பிறகும் சொன்னேன்.

திங்கட்கிழமை லெட்டரைக் கொடுத்தேன்.

வைகாசி பிறந்து ரெண்டாவது ஞாயிறு அவள் மாடிக்கு வந்தாள். கையில் தாள் இல்லை, பாட்டில் இல்லை. கீழே தெருவில் அண்ணன் பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருந்தார். சீட்டுக்குப் பின்னால் ஒரு சூட்கேஸைக் கயிற்றால் கட்டியிருந்தது. நான் கொடுத்த பழைய பிரஷ்ஷைத் துணியில் சுற்றி எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அந்தப் பிரஷ்ஷை அவ்வளவு சுத்தமாக நானே வைத்திருந்ததில்லை.

"அங்கிட்டே போறேன் டீச்சர்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் புள்ளி எதனால விழுதுன்னு மட்டும் சொன்னீகன்னா, அங்க போயாவது சரி பண்ணிக்கிருவேன்."

நேராகக் கேட்டாள். வகுப்பில் வேறு யாரும் அப்போது இல்லை. கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

"பழக்கந்தான்மா. வரைய வரையப் போயிரும்" என்றேன். பிரஷ்ஷை நீயே வச்சுக்க என்று திருப்பிக் கொடுத்தேன். பெரிய தர்மம். அவள் அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பாத்திரக் கடைக்காரர் மனைவி அந்தப் பள்ளியில் ரெண்டு மாசம் இருந்தார். வெயிலில் பஸ் ஏறி இறங்க முடியவில்லை என்று நின்றுவிட்டார். பள்ளியில் வேறு ஊரிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவள்தான் என்னை முதலில் பார்த்து ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். இடது கையில் ரெண்டு விரலைச் சேர்த்து வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. விரல் கோணலாக நின்றது. என் கண் அங்கே போனதும் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி டீக்கடையில் ஒருவன் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? ஒங்கள எம்புட்டு நாளாப் பாக்கணும்னு இருந்தேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "புள்ளி போயிருச்சு டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே வரைய வரையப் போயிருச்சு. இப்பத் துளிகூட விழுகல. கை சரியாயிருச்சு."

"அங்க தண்ணி எப்பிடி?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அது ஒண்ணுதான் அங்க நிம்மதி. வாசல்லயே பைப்பு. நல்ல தண்ணி. குடிக்க, கழுவ எல்லாம் அதான்." சொல்லிவிட்டு மறுபடியும் படத்துக்கே வந்தாள். "அவரு லோடுக்குப் போற அன்னிக்குத்தான் வரைவேன். வந்தா எடுத்து வச்சிருவேன். நீங்க திட்டித் திட்டித்தான் டீச்சர் எனக்கு இம்புட்டு வந்துச்சு. வேற யாரு அப்பிடிச் சொல்லிக் குடுப்பா?"

டீக்கடையில் நின்றவன் கையைத் தட்டிக் கூப்பிட்டான். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வேகமாகக் கேட்டாள். "அந்த ஸ்கூல்ல இன்னும் ஆள் எடுக்குறாகளா டீச்சர்?"

"இல்லம்மா. ஆள் போட்டுட்டாங்க."

தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் மறுபடியும் கையைத் தட்டினான். அவள் ரெண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

"அப்பவே இந்தக் கை சரியா இருந்திருந்தா எனக்குக் கெடைச்சிருக்கும்ல டீச்சர்?"

கேட்டுவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள்.

"கிடைச்சிருக்கும்" என்றேன்.